பைப்புக்குக் கீழே நிற்கும் மூன்று லீற்றர்

வெளிநாட்டில் வீட்டிலேயே பியர் செய்து பார்க்கிற எங்கட சொந்தக்காரப் பெடியள் எல்லாருக்கும் ஒரே முறைப்பாடுதான். 23 லீற்றர் வரவேண்டிய இடத்தில் 19 லீற்றர்தான் வந்தது, மிச்சம் எங்கே போனது? எங்களில் ஒருத்தியின் அண்ணா மெல்பேர்னில் இருந்து கேட்கிறார். இன்னொருவரின் மச்சான் லண்டனில் இருந்து கேட்கிறார். கேட்டுவிட்டு அடுத்த நிமிடமே பதிலையும் அவர்களே சொல்லிவிடுகிறார்கள்: "இந்தப் பானை சரியில்லை, புதுசு ஒண்டு எடுக்கவேணும்." புதுசு எண்டால் துருப்பிடிக்காத உருக்கில், அடி கூம்பு மாதிரி, மோட்டர் பூட்டின, ஃபோனால் இயக்கக்கூடிய ஒரு சாதனம். அதன் விலையை ரூபாயில் மாற்றிப் பார்த்தோம். மகாபொலக் காசை எத்தனை மாதம் சேர்க்கவேணும் எண்டு கணக்குப் போடத் தொடங்கிப் பாதியில் நிறுத்திவிட்டோம்.

எங்கள் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். அந்த நாலு லீற்றரில் பெரும்பகுதி பானையின் குற்றம் இல்லை. ஆலைக்கெண்டு யோசித்த ஒரு பொருளைச் சுருக்கி வீட்டுக்குள் கொண்டுவந்ததால் வருகிற நட்டம் அது. அதைக் குறைக்கிற வழிகளில் முக்கால்வாசி குசினியில் ஏற்கெனவே இருக்கிறது: சரிப்பது, ஊற்றுவது, பொறுத்திருப்பது. அதைவிட, இந்த நாலு லீற்றருக்காகக் கவலைப்படுகிற அதே ஆக்கள் கவனிக்காமல் வாய்க்காலில் விடுகிற இன்னொரு நீர் இருக்கிறது. அதைப்பற்றிப் பிறகு வருகிறோம்.

இடையில் ஒரு விஷயம். இதை வாசித்துவிட்டு யாரும் விடுதி அறைக்குள் வாளி வைக்கவேண்டாம். எங்கட நாட்டில் 1912 ஆம் ஆண்டின் மதுவரிக் கட்டளைச் சட்டம் இன்றைக்கும் நடைமுறையில் இருக்கிறது. அனுமதிப்பத்திரம் இல்லாமல் மதுபானம் செய்வது குற்றம். பிரித்தானியாவிலும் 1963 வரை வீட்டில் பியர் செய்ய அனுமதிப்பத்திரம் வேண்டியிருந்தது. அமெரிக்காவில் 1978 இல் தான் மத்திய சட்டம் வழிவிட்டது. ஆகவே அங்கேயும் இது சட்டப்படி நடக்கிற ஒரு பொழுதுபோக்காக வளர்ந்தது நேற்றுத்தான். இன்னொன்று, 'காய்ச்சுகிறார்கள்' எண்டு நாங்கள் எழுதினால் எங்கட ஊரில் எல்லாரும் கசிப்பைத்தான் நினைப்பார்கள். பியரில் ஆவியாக்கி வடிக்கிற வேலை எதுவும் இல்லை. அது புளிக்கவைக்கிற பண்டம். கள்ளுக்குக் கிட்ட, கசிப்புக்குத் தூர.

செய்முறையைச் சுருக்கமாகச் சொன்னால்தான் நட்டம் எங்கெங்கே ஒளிந்திருக்கிறது எண்டு விளங்கும். முளைக்கவைத்துக் காயவைத்த பார்லியை (மால்ட் எண்டு சொல்வது இதைத்தான்) நொறுக்கிச் சுடுநீரில் ஒரு மணித்தியாலம் ஊறவைக்கவேணும். அதன் மாப்பொருள் இனிப்பாக மாறும். அந்த இனிப்புச் சாற்றை வடித்து, இன்னொரு பானையில் கொதிக்கவைத்து, கசப்புக்கும் வாசத்துக்கும் ஹொப்ஸ் பூக்களைப் போட்டு, விரைவாக ஆறவிட்டு, வாளியில் ஊற்றி ஈஸ்ற் போட்டு மூடினால் இரண்டு கிழமையில் பியர். பிறகு கொஞ்சம் சீனியோடு போத்தலில் அடைத்தால் இன்னும் இரண்டு கிழமையில் நுரை வரும்.

இதில் சில நட்டங்களை ஒண்டும் செய்ய ஏலாது. ஒரு கிலோ மால்ட் ஏறக்குறைய ஒரு லீற்றர் தண்ணீரைக் குடித்துவிட்டுத் திருப்பித் தராது. 23 லீற்றர் பியருக்கு ஐந்து கிலோ மால்ட் போட்டால் ஐந்து லீற்றர் அங்கேயே போச்சு. ஒரு மணித்தியாலக் கொதிப்பில் வீட்டுப் பானையில் இருந்து மூன்று நாலு லீற்றர் ஆவியாகப் போகும். கொதிநிலையில் இருந்து ஆறும்போது சாறு நூற்றுக்கு நாலு பங்கு சுருங்கும், அது நட்டமே இல்லை, வெறும் பௌதிகம். இவ்வளவையும் 'காணாமல் போனது' எண்ட கணக்கில் சேர்த்துக்கொண்டுதான் பலர் தலையில் கை வைக்கிறார்கள். இவற்றுக்குப் பதில், தொடக்கத்திலேயே அந்தளவு தண்ணீரைக் கூட்டி ஊற்றுவது. சோறு வடிக்கிற எந்த அம்மாவும் இதை யாரும் சொல்லித்தராமல் செய்கிறா.

உண்மையில் வீணாவது வேறு. பானையின் அடியில், பைப்பின் வாய்க்குக் கீழே, எவ்வளவு நேரம் திறந்துவிட்டாலும் வராமல் நிற்கிற நீர் அது. இந்த வேலை செய்பவர்கள் இதற்கு 'டெட் ஸ்பேஸ்' எண்டு பெயர் வைத்திருக்கிறார்கள். செத்த இடம். பெயர் கொஞ்சம் ஓவர்தான், ஆனால் கணக்கைப் பார்த்தால் சரி எண்டும் படுகிறது. 40 சென்ரிமீற்றர் விட்டமுள்ள ஒரு பானையில் ஒவ்வொரு சென்ரிமீற்றர் உயரத்துக்கும் ஒன்றேகால் லீற்றர் நிற்கும். பைப்பைப் பூட்டுவதற்கு ஓட்டை போடும்போது கீழே கொஞ்சம் இடம் விட்டுத்தான் போடவேண்டும். அந்த இடம் இரண்டரை சென்ரிமீற்றர் எண்டு வையுங்கோ. மூன்று லீற்றருக்கு மேல் உள்ளே நிற்கும். ஆறு போத்தல் பியர். அதே இரண்டரை சென்ரிமீற்றர் 30 சென்ரிமீற்றர் விட்டமுள்ள பானையில் ஒன்றேமுக்கால் லீற்றர்தான். அந்த ஒடுங்கிய பானை 45 சென்ரிமீற்றர் உயரம் இருந்தால் 32 லீற்றர் அளவு பிடிக்கும், ஒரு முறை செய்ய ஏறக்குறையக் காணும். அதாவது அகலப் பானைக்குப் பதில் ஒடுங்கிய உயரப் பானையை எடுத்திருந்தாலே நட்டம் பாதியாகிவிடும். நாங்கள் கலைப்பீடம்தான், இருந்தாலும் வட்டத்தின் பரப்பளவு ஓ.எல். கணிதத்தில் படித்ததுதானே.

இப்போது எங்களுக்கு முக்கியமாகப் படுகிற இடத்துக்கு வருகிறோம். அடியில் நிற்கிற இந்த நட்டம் பானையின் அளவோடு சுருங்குவதில்லை. பைப்பின் தடிப்பு அதேதான், ரியூப்பின் நீளம் ஏறக்குறைய அதேதான், பம்புக்குள் நிற்கிற நீரும் அதேதான். இரண்டு லீற்றர் நட்டம் எண்டு வைத்தால், ஆயிரம் லீற்றர் தொட்டி வைத்திருக்கிறவருக்கு அது ஆயிரத்தில் இரண்டு பங்கு. அவர் திரும்பியும் பார்க்கமாட்டார். 23 லீற்றர் செய்கிறவருக்கு நூற்றுக்கு ஒன்பது பங்கு. வாடகை அறையில் ஐந்து லீற்றர் மட்டும் செய்து பார்க்கிற ஒரு மாணவருக்கு நூற்றுக்கு நாற்பது. ஆலையில் இருந்து பார்க்கும்போது நல்ல வடிவமைப்பாகத் தெரிகிற அதே பைப்பும் பம்பும் ரியூப்பும் சின்ன ஆளின் கையில் கொள்ளையாக மாறுகிறது. நிலையான கட்டணம் மாதிரி. மின்சாரப் பட்டியலில் ஒரு பல்ப் எரிக்கிற வீட்டுக்கும் நிலையான கட்டணம் ஒண்டு வருமே, அந்தக் கணக்கு.

இதைப்பற்றி யோசித்தபோது ஜூடித் பெனற் எண்ட வரலாற்றாசிரியரின் 1996 ஆம் ஆண்டுப் புத்தகம் ஒன்று ஞாபகம் வந்தது. 1300 முதல் 1600 வரை இங்கிலாந்தில் ஏல், பியர் செய்த பெண்களைப் பற்றியது அது. தொடக்கத்தில் ஏல் செய்வது பெரும்பாலும் பெண்களின் வீட்டு வேலை. ஹொப்ஸ் போடாத அந்தப் பானம் சில நாட்களிலேயே புளித்துக் கெட்டுவிடும், அதனால் சின்னச் சின்ன அளவில் அடிக்கடி செய்து அக்கம்பக்கத்துக்கு விற்பார்கள். வீட்டுப் பானையே போதும். பிறகு ஹொப்ஸ் போட்ட பியர் வந்தது. அது நீண்ட நாள் கெடாமல் இருக்கும், தூரத்துக்கு அனுப்பலாம். அதனால் பெரிய அளவில் செய்கிறவருக்கு இலாபம், பெரிய பாத்திரம் வேண்டும், முதல் வேண்டும், கடன் எடுக்கிற உரிமை வேண்டும். இவையெல்லாம் பெண்களுக்குக் கிடைக்கவில்லை. தொழில் மெல்ல மெல்ல அவர்களின் கையை விட்டுப் போனது. பாத்திரத்தின் அளவு கூடினால் யார் செய்யலாம் யார் செய்ய ஏலாது என்பதும் சேர்ந்து மாறும் என்பதைத்தான் நாங்கள் அந்தப் புத்தகத்தில் இருந்து எடுத்துக்கொண்டோம். இன்றைக்கு வீட்டுப் பியர் சாமான் விற்கிற கடைகள் அந்தப் பெரிய பாத்திரத்தின் குட்டி உருவத்தைத் திரும்ப வீட்டுக்கே விற்கின்றன. விற்கும்போது ஆலையின் மினுக்கம் வருகிறது, ஆலையின் கணக்கு வருவதில்லை.

ஆலைக்கு முந்திய வீடுகள் மிச்சத்தை வேறு விதமாகப் பார்த்தன. இங்கிலாந்தில் ஒரே மால்ட்டில் முதலில் வடித்த சாற்றில் கடும் பியர் செய்வார்கள். பிறகு அதே மால்ட்டில் திரும்பவும் சுடுநீர் ஊற்றி, மெல்லிய சாறு எடுத்து, வேலைக்காரரும் பிள்ளைகளும் குடிக்கிற மெல்லிய பியர் ஒன்று செய்வார்கள். தேங்காய்ப் பாலில் முதற்பால், இரண்டாம் பால் எடுக்கிற ஆக்களுக்கு இதை விளங்கப்படுத்தத் தேவையில்லை. முதற்பாலில் கடைசிச் சொட்டு வரைக்கும் பிழிந்து கையை முறிக்கிறதில்லை நாங்கள், மிச்சம் இரண்டாம் பாலில் வரும் எண்டு தெரியும்.

சரி, நடைமுறைக்கு வருவோம். முதல் கேள்வி, எந்த லீற்றர் விலை கூடின லீற்றர்? எல்லா நட்டமும் ஒரே நட்டம் இல்லை. மால்ட் ஊறுகிற தொட்டியில், மேலால் சுடுநீர் விட்டுக் கழுவி முடித்த பிறகு அடியில் நிற்கிற நீர் மெல்லியது, இனிப்பு அநேகமாகப் போய்விட்டது. அதில் ஒரு லீற்றர் போனால் போகட்டும். கொதித்த பானையில் நிற்கிற லீற்றர் முழு இனிப்பும், ஹொப்ஸும், ஒரு மணித்தியால எரிவாயுவும் சேர்ந்தது. புளித்து முடிந்த வாளியில் நிற்கிற லீற்றரோ அதோடு இரண்டு கிழமையும் சேர்ந்தது, நேரடியாகக் குடிக்கிற பியர். ஆகவே திருத்த வேலையைக் கடைசியில் இருந்து தொடங்கவேணும். நாங்கள் கதைத்த ஆக்களில் பலர் தலைகீழாகச் செய்கிறார்கள்: முதல் தொட்டியின் சல்லடைக்குக் காசைக் கொட்டிவிட்டு, போத்தலில் அடைக்கிற வாளியின் பைப்பைக் கவனிப்பதே இல்லை. அந்த வாளியின் பைப்புக்கு உள்பக்கமாக, கீழே பார்த்தமாதிரி ஒரு சின்ன வளைந்த குழாய்த் துண்டைச் செருகினால் நீர் அடியில் இருந்து உறிஞ்சப்படும். நீர்மட்டம் பைப்பின் வாய்க்குக் கீழே போனாலும் தொடர்ந்து வரும். அந்தத் துண்டு ஒரு தேத்தண்ணி விலைக்கு வரும். நாங்கள் வாங்கச் சொல்கிற ஒரே சாமான் இதுதான். உணவுக்குப் பாவிக்கக்கூடிய பிளாஸ்ரிக்தானா எண்டு பார்த்து வாங்கவேணும், அவ்வளவுதான்.

கொதித்த பானைக்கு இன்னும் இலகு. அடுப்பை நிறுத்தி, சாறு ஆறினதும் பெரிய அகப்பையால் ஒரே திசையில் வேகமாகச் சுழற்றிவிட்டு இருபது நிமிடம் தொடாமல் விட்டால் ஹொப்ஸ் சக்கையும் திரைந்த புரதமும் நடுவில் ஒரு குவியலாகக் குந்தும். பைப் ஓரத்தில் இருப்பதால் தெளிந்த சாறு வரும். முடியப்போகும்போது பைப்புக்கு எதிர்ப்பக்கத்தில் ஒரு பலகைத் துண்டை வைத்துப் பானையைச் சரிக்கவேணும், மெதுவாக, குவியல் உடையாமல். கஞ்சி வடிக்கிறபோது பானையைச் சரிக்கிற அதே கை. இப்படிச் சரித்தால் அடியில் நின்றதில் பெரும்பகுதி வந்துவிடும்.

இன்னொரு வழி, எங்களுக்கு மிகவும் பிடித்தது, ஒண்டுமே வடிக்காமல் மண்டியோடு சேர்த்து வாளிக்குள் ஊற்றுவது. சுத்தம் பார்க்கிறவர்கள் இதைக் கேட்டால் முகம் சுளிப்பார்கள். ஆனால் கொஞ்சம் மண்டி போனால் பியர் கெட்டுப்போகாது. பானையில் இருபது நிமிடத்தில் படிகிற மண்டி பஞ்சு மாதிரி ஊதிப்போய் நிற்கும், அதற்குள்ளேயே நிறையச் சாறு சிறைப்பட்டிருக்கும். வாளியில் இரண்டு கிழமை இருந்தால் அதே மண்டி ஈஸ்ற்றோடு சேர்ந்து சேறு மாதிரி இறுகிப் படியும், சிறைப்பட்டிருந்த நீர் மேலே வந்துவிடும். காத்திருக்கிறதே ஒரு வடிகட்டிதான். கடைசி இரண்டு நாள் வாளியைக் குளிரில் வைத்தால் இன்னும் இறுகும். புளிக்கிறபோதே பைப் இருக்கிற பக்கத்தின் கீழ் ஒரு தடித்த புத்தகத்தை வைத்து உயர்த்தினால் மண்டி எதிர்ப்பக்கத்தில் போய்ப் படியும். பாடப்புத்தகங்களுக்கு வருடத்தில் ஒருமுறையாவது பயன் வேண்டாமா?

ஆனால் எங்கே நிறுத்துவது எண்டும் தெரியவேணும். கடைசி அரை லீற்றருக்காக வாளியைத் தூக்கிக் கவிழ்த்து, ரியூப்பில் குளுகுளு எண்டு காற்று உறிஞ்சும்வரை இழுக்கிற ஆக்கள் இருக்கிறார்கள். புளித்து முடிந்த பியருக்குக் காற்றுத்தான் முதல் எதிரி. அது பட்டால் சில கிழமைகளில் ஈரக் காகிதப்பெட்டி மாதிரி ஒரு ருசி வந்துவிடும். அரை லீற்றரைப் பிடிக்கப் போய் இருபது லீற்றரையும் கெடுக்கிற வேலை. அதோடு அடியில் கிடப்பது ஈஸ்ற், குடித்தால் சாகமாட்டோம், வயிறு கொஞ்சம் கதைக்கும். ஜேர்மனியின் பவேரியாவில் கோதுமைப் பியரை ஊற்றும்போது போத்தலின் அடியைச் சுழற்றி அந்த ஈஸ்ற்றையும் கிளாஸுக்குள் சேர்த்துத்தான் குடிக்கிறார்கள். அங்கே அது கழிவு இல்லை, பானத்தின் ஒரு பகுதி.

இந்த அடிமண்டி பற்றிப் பேசும்போது எங்கட வீட்டு அலுமாரியையும் ஒருக்கால் திறந்து பார்க்கவேணும். பாணில் பூசுகிற, சுடுநீரில் கரைத்துக் குடிக்கிற அந்தக் கறுப்பு மார்மைற் எங்கிருந்து வந்தது? 1902 இல் இங்கிலாந்தின் பேர்ட்டன் நகரத்தில் அந்தக் கொம்பனி தொடங்கியது. அந்த நகரம் முழுக்கப் பியர் ஆலைகள், பியர் முடிந்தபின் மிஞ்சுகிற ஈஸ்ற் மலைபோல் கிடந்தது. அந்த மிச்சத்தைத்தான் சின்ன வயதில் எங்களுக்குக் காய்ச்சல் வந்தால் அம்மா கரைத்துத் தந்தா. அதைவிடக் கிட்ட ஒரு உதாரணம், அப்பம். கள்ளு விட்டுப் புளிக்கவைத்த மா பொங்குவதும் அதே ஈஸ்ற் குடும்பத்தின் வேலைதான். மெல்பேர்ன் அண்ணா வாளியின் அடியில் கிடக்கிற ஈஸ்ற்றைக் கழுவித் தொட்டியில் ஊற்றுகிறார் எண்டு கேள்விப்பட்டபோது எங்களில் ஒருத்தி கேட்டாள்: "அண்ணா, அடுத்தமுறை போடுறதுக்கு ஈஸ்ற் திரும்பக் காசு குடுத்துத்தானே வாங்குறியள்?" அந்த மண்டியில் ஒரு கோப்பையைச் சுத்தமான, கொதிநீரில் அலசின போத்தலில் எடுத்துப் பிரிட்ஜில் வைத்தால் ஒரு கிழமைக்குள் அடுத்த வாளிக்கு அதுவே போதும். அதில் சேர்ந்து நிற்கிற பியரை அப்போது 'வீண்' எண்டு எந்த நெடுவரிசையில் எழுதுவது?

இனி முதலில் சொன்ன மற்ற நீர்.

கொதித்த சாற்றை விரைவாக ஆறவிட ஒரு செப்புச் சுருளைப் பானைக்குள் இறக்கி, அதற்குள்ளால் பைப் தண்ணீரை ஓடவிடுவார்கள். தண்ணீர் ஒரு பக்கத்தால் குளிராகப் போய் மற்றப் பக்கத்தால் சூடாக வெளியே வந்து, நேராக வாய்க்காலுக்குள். எவ்வளவு தண்ணீர்? கணக்குப் போடலாம். 23 லீற்றர் சாறு 100 பாகையில் இருந்து 25 பாகைக்கு இறங்கவேண்டும். வெளியேறுகிற தண்ணீர் சராசரியாக 25 பாகை சூடேறிப் போகிறது எண்டு வைத்தால் 69 லீற்றர் தண்ணீர் வேண்டும். பைப் தண்ணீர் குளிராக இருக்கிற நாட்டில்தான் இந்தக் கணக்கு. தண்ணீரே வெதுவெதுப்பாக வருகிற கோடைகாலத்தில் இன்னும் எவ்வளவோ கூடும், 25 பாகைக்கு இறங்காமலே ஓடிக்கொண்டிருக்கும். பைப்புக்குக் கீழே நிற்கிற மூன்று லீற்றருக்குப் புதுப் பானை வாங்கப் போகிற அதே ஆள், அதே நாளில் எழுபது லீற்றர் நல்ல தண்ணீரை ஒருக்காலும் எண்ணாமல் ஊற்றுகிறார். அந்த நீரில் இனிப்பு இல்லை, ஹொப்ஸ் இல்லை, காசு கொடுத்து வாங்கின பொருள் எண்ட எண்ணமும் இல்லை. அதனால் அது கணக்கில் இல்லை. கிணற்றை நம்பி வாழ்கிற, கோடையில் அடிநீர் உப்பாகிப்போகிற குடாநாட்டில் இருந்து பார்க்கிற எங்களுக்கு இதுதான் முதலில் கண்ணில் குத்துகிறது.

சாமான் கடைகள் இதையும் ஒரு சாமானால் தீர்க்கப் பார்க்கும். தகட்டுக் குளிராக்கி எண்டு ஒண்டு இருக்கிறது, தண்ணீரைக் குறைவாகக் குடிக்கும். ஆனால் செப்புச் சுருளில் தண்ணீர்தான் உள்ளே ஓடும், சாறு வெளியே பானையில் நிற்கும், சாற்றில் நட்டமே இல்லை. தகட்டுக் குளிராக்கியில் சாறே உள்ளே போய் வருவதால் தகடுகளுக்குள்ளும் ரியூப்புக்குள்ளும் கொஞ்சம் தங்கும். ஹொப்ஸ் துகள் போய் அடைத்தால் கழுவ இன்னும் தண்ணீர். ஒரு நட்டத்தை இன்னொரு நட்டத்துக்கு மாற்றிக் கொடுக்கிறார்கள், இடையில் விலைச்சீட்டு.

செப்புச் சுருளை வைத்துக்கொண்டே செய்யக்கூடியது இருக்கிறது. முதலில் வருகிற பத்துப் பதினைந்து லீற்றர் நல்ல சூடாக வரும், அதைப் பிடித்து வைத்தால் பாத்திரம் கழுவ வேறு தண்ணீர் சூடாக்கத் தேவையில்லை. அடுத்தது துணி தோய்க்கிற மெஷினுக்கு. மிச்சம் ஆறினபிறகு மரங்களுக்கு. லண்டன் மச்சான் மூன்றாம் மாடியில் இருக்கிறார், மரம் இல்லை, வாளிகளை வைக்க இடமும் இல்லை எண்டார். நியாயம்தான். அவர் தண்ணீரை ஓடவிடாமல், ஒரு பெரிய வாளியில் ஐஸ் போட்டு, மீன்தொட்டிக்குப் பாவிக்கிற சின்னப் பம்பால் அதே தண்ணீரைத் திரும்பத் திரும்பச் சுற்றவிடலாம். முழு வேலைக்கும் ஐஸ் காணாது, சாறு பாதிச் சூட்டுக்கு இறங்கினபிறகு தொடங்கினால் காணும்.

அவுஸ்திரேலியாவில் இதைவிடத் துணிந்த ஒரு பழக்கம் இருக்கிறது. தண்ணீர்க் கட்டுப்பாடுகளுக்குப் பழகின நாடு அது. அங்கே பலர் சாற்றை ஆறவிடுவதே இல்லை. கொதித்த சாற்றைச் சூட்டோடு சூடாக, கொதிநீர் தாங்கக்கூடிய தடித்த பிளாஸ்ரிக் கான் ஒன்றுக்குள் ஊற்றி, கானை அமத்திக் காற்றை வெளியேற்றி, மூடியை இறுக்கி, ஒரு பக்கம் சரித்து வைத்துவிட்டுப் படுத்துவிடுவார்கள். சூடே கானின் உட்பக்கத்தைச் சுத்தம் செய்துவிடும். விடியத் தானாக ஆறியிருக்கும், உடனே வாளிக்கு மாற்றி ஈஸ்ற் போடலாம். மாதக்கணக்கில் மூடி வைக்கிறது மட்டும் கூடாது, காற்றில்லாத இனிப்புச் சாற்றில் ஆபத்தான கிருமி வளர இடமிருக்கிறது. குளிராக்கத் தண்ணீர்: ஒரு சொட்டும் இல்லை. சுருள் வேண்டாம், பம்ப் வேண்டாம், தகடு வேண்டாம்.

இதை மெல்பேர்ன் அண்ணாவுக்கு இங்கே இருந்து நாங்கள் சொல்லவேண்டியிருந்தது எண்டது ஒரு வேடிக்கை. அவர் அங்கே எட்டு வருடம். கானில் ஆறவிட்டால் கசப்புக் கூடுமாமே எண்டு இழுத்தார். கூடும்தான். இரவு முழுக்கச் சூட்டில் ஹொப்ஸ் ஊறினால் கசப்புக் கொஞ்சம் ஏறும். கடைசியில் போடுகிற ஹொப்ஸை இன்னும் பிந்திப் போடச் சொன்னோம், இல்லாவிட்டால் கானுக்குள் ஊற்றினபிறகு அதற்குள்ளேயே போடச் சொன்னோம். யோசிக்கிறாராம். புதுப் பானைக்கான ஓடரை இன்னும் ரத்துச் செய்யவில்லை.